வினாவும் வேலையும்

நேர்காணல் என்னும் சொல் ஒருவரை ஒருவர் நேரில் காண்பதைக் குறிக்கும். காண்பவர் இருவர். நிறுவனம் விண்ணப்பித்தவரைக் காண்கிறது. விண்ணப்பித்தவரும் நிறுவனத்தைக் காண்கிறார். ஆயினும் வேலை தேடிச் செல்லும் இளைஞர் பலர் முதற்பாதியை மட்டுமே நினைவில் கொள்கின்றனர். தம்மிடம் என்ன கேட்பார்களோ என்று இரவெல்லாம் எண்ணுகின்றனர். தாம் என்ன கேட்க வேண்டும் என்று எண்ணுவதில்லை. நேர்காணல் முடியும் தறுவாயில், "நீங்கள் எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்று தேர்வாளர் வினவுவதுண்டு. அப்போது, "ஒன்றும் இல்லை, நன்றி" என்று கூறி எழுந்துவிடுவோர் பலர்.

இம்மௌனத்திற்குக் காரணம் உண்டு. பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்த குடும்பங்களில் அது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தில்லியின் கரோல்பாகிலும் மும்பையின் மாட்டுங்காவிலும் தாராவியிலும் குடியேறிய தமிழருள் பலர், தமக்கு முன்னரே அங்கு வந்திருந்த உறவினர் அல்லது ஊர்க்காரர் ஒருவரின் சொல்லை நம்பி வேலையில் சேர்ந்தவர்கள். ஊர் புதிது, மொழி புதிது, கையிலிருந்த பணமோ சில நாள்களுக்கே போதுமானது. அந்நிலையில் சம்பளம் எவ்வளவு, விடுப்பு உண்டா என்று முதலாளியிடம் கேட்டால், பரிந்துரைத்தவருக்குத் தலைகுனிவு நேரும் என்று அஞ்சினர். கேளாமல் இருப்பதே பணிவு என்று கொண்டனர். அப்பணிவு அன்று அவர்களைக் காத்தது. எனவே, பிள்ளைகளுக்கும் அதனையே அறிவுரையாகக் கூறினர்.

அவ்வறிவுரை இன்று எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. தில்லியில் வளர்ந்த தமிழ்ப்பெண் ஒருத்தியின் அனுபவம் இதனை விளக்கும். கணினிப் பயன்பாட்டியலில் பட்டம் பெற்ற அவள் முதல் நேர்காணலுக்குப் புறப்பட்டபோது, "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லம்மா. எதிர்க்கேள்வி கேட்காதே" என்று தந்தை சொல்லியனுப்பினார். அவளும் அவ்வாறே நடந்தாள். வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் என்று சொன்னதால், மாதந்தோறும் 40,000 ரூபாய் வரும் என்று வீட்டில் கணக்கிட்டனர். பணியில் சேர்ந்த அன்று, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்றும், இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்றும் எழுதிய ஒப்பந்தத்தை நீட்டினர். அவள் கையொப்பமிட்டாள். மாத இறுதியில் வங்கிக் கணக்கில் சேர்ந்தது ஏறத்தாழ 34,000 ரூபாய். எட்டு மாதங்களுக்குப்பின் மேற்படிப்பிற்கு இடம் கிடைத்தது. ஆனால், கல்லூரியில் காட்ட வேண்டிய சான்றிதழ்கள் நிறுவனத்தின் அலமாரியில் இருந்தன. அவை கைக்கு வருவதற்குள் சேர்க்கைக்கான இறுதி நாள் கடந்துவிட்டது.

சம்பளக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. நிறுவனங்கள் 'சி.டி.சி.' என்று குறிப்பிடும் தொகை, ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவாகும். அது கையில் வரும் சம்பளம் அன்று. 40,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று கொள்வோமாயின், அதில் 12 விழுக்காடான 2,400 ரூபாயை நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும். ஊழியரின் பங்காக மேலும் 2,400 ரூபாய் பிடிக்கப்படும். பணிக்கொடைக்கென ஏறத்தாழ 960 ரூபாய் ஒதுக்கப்படும். எஞ்சுவது 34,240 ரூபாய். வைப்பு நிதி ஊழியருக்கே உரிய சேமிப்பு, அது வீணாவதில்லை. ஆயினும் வீட்டு வாடகையைக் கையில் வரும் பணத்தைக் கொண்டுதான் கொடுக்க இயலும். "மாதந்தோறும் கையில் வரும் தொகை எவ்வளவு?" என்னும் ஒரு வினா இதனை முன்னரே தெளிவாக்கியிருக்கும்.

வினாக்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பிரிக்கிறது. விடையை அறிந்துகொண்டே, பிறர் அறிவாரா எனச் சோதிக்கக் கேட்பது அறிவினா. தேர்வாளர் கேட்கும் வினாக்களுள் பல இவ்வகையின. விண்ணப்பித்தவர் இதனைக் கைக்கொள்வது பொருந்தாது. நிறுவனத்தின் இணையதளத்திலேயே உள்ள செய்தியைத் தெரியாதவர்போலக் கேட்டால், படிக்காமல் வந்தவர் என்றே தேர்வாளர் எண்ணுவார்.

அவருக்கு உரியவை அறியா வினாவும் ஐய வினாவும் ஆகும். "இப்பணியில் சேர்பவர் முதல் ஆறு மாதங்களில் எதைச் செய்துமுடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?", "புதியவருக்குப் பயிற்சி அளிப்பவர் யார்?" என்பன அறியா வினாக்கள். இவற்றுக்கான விடையை உள்ளே இருப்பவர் மட்டுமே சொல்ல இயலும். "இது புதிதாக உருவாக்கிய பணியிடமா, முன்பு இருந்தவர் விலகியதால் வந்த இடமா?" என்பது ஐய வினா. "அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருவீர்களா, இங்கேயே வைத்துக்கொள்வீர்களா?" என்பதும் அத்தகையதே. இரண்டனுள் ஒன்றை விடையாகக் கூற வேண்டியிருப்பதால், ஐய வினாவிற்கு மழுப்பலாக விடையளிப்பது கடினம்.

எதைக் கேட்பது என்பதைப் போலவே, எப்போது கேட்பது என்பதும் முதன்மையானது. முதல் சந்திப்பில் பணியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் கேட்பது சிறப்பு. சம்பளம், விடுப்பு, தகுதிகாண் பருவம், விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னரே அறிவிக்க வேண்டும் என்பது ஆகியவற்றை, வேலை தருவதாக நிறுவனம் சொன்னபின், கையொப்பமிடுவதற்கு முன், மனிதவள அலுவலரிடம் கேட்கலாம். விடைகளை எழுத்தில் பெறுவது நலம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில், பாலியல் துன்புறுத்தல் பற்றிய புகார்களை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அக்குழுவில் இருப்போர் யாவர் என்று கேட்பது எவருக்கும் உரிமையே.

விடையைக் கேட்கவும் பயிற்சி வேண்டும். நன்னூல் விடையை எட்டு வகையாக்குகிறது. "ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டா?" என்னும் வினாவிற்கு "உண்டு" என்பது நேர்விடை, "இல்லை" என்பது மறைவிடை. இரண்டும் தெளிவானவை. "ஏன், உழைக்கத் தயக்கமா?" என்பது வினா எதிர் வினாதல். "மதிய உணவு இலவசமாகத் தருகிறோம்" என்பது இனமொழி விடை. பின்னிரண்டும் வந்தால், கேட்டதற்கு விடை இன்னும் வரவில்லை என்று உணர்ந்து, பணிவோடு மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும். பணிவு மௌனத்தில் இல்லை, "அறிந்துகொள்ளலாமா?" என்று தொடங்கும் சொல்லில் இருக்கிறது.

அப்பெண் மறு ஆண்டு வேறு இரு நிறுவனங்களின் நேர்காணலுக்குச் சென்றாள். முதல்நாள் இரவு ஒரு தாளில் ஐந்து வினாக்களை எழுதி மேசைமீது வைத்திருந்தாள். தந்தை அதனை எடுத்து இருமுறை படித்தார். "இவ்வளவு கேட்டால் வேலை தருவார்களா?" என்றார். சிறிது நேரம் கழித்து, எழுதுகோலை எடுத்து ஆறாவது வரியைத் தாமே எழுதினார்: "இரவு நேரமானால் வீட்டிற்கு வண்டி உண்டா?" முப்பது ஆண்டுகளில் எந்த முதலாளியிடமும் அவர் கேட்ட வினா அன்று அது.

முதல் நிறுவனம் சான்றிதழ்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வதாகக் கூறியது. அவள் நன்றி கூறி மறுத்தாள். இரண்டாவது நிறுவனத்தில் ஆறு வினாக்களுக்கும் தெளிவான விடை கிடைத்தது. வண்டி இல்லை என்பதும் அவற்றுள் ஒன்று. ஆதலால், இரவுப் பணி தனக்கு வேண்டாம் என்று சேரும்முன்னரே எழுதி வாங்கிக்கொண்டாள். அவளுடைய சான்றிதழ்கள் இன்று வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

பயிற்சி

1. புலம்பெயர்ந்த குடும்பங்கள் கேளாமல் இருப்பதைப் பணிவு என்று கருதியது ஏன்?
2. 'சி.டி.சி.' என்பதற்கும் கையில் வரும் சம்பளத்திற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. பாடத்தில் வரும் ஐய வினாக்களை எடுத்தெழுதுக. நீங்களே இரண்டு ஐய வினாக்களை அமைக்க.
4. உங்கள் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி தம் முதல் வேலையில் எவ்வாறு சேர்ந்தனர் என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.