நாலாவது நோடு எதற்கு?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்துவிட்டால், ஓனர் தேடுவது இன்னொரு ஜாப் ஒர்க் யூனிட்டைத்தான். ஆனால் பிடித்த அன்றே கட்டிங் பீஸைக் கொண்டுபோய்க் கொட்டிவிட மாட்டார். பையர் ஓகே சொன்ன சாம்பிள், அளவு சார்ட் எல்லாம் முதலில் போக வேண்டும். அதற்குப் பிறகு மெயிலில் வந்த திருத்தங்களும் போக வேண்டும். கழுத்து அளவு அரை இன்ச் குறைந்தது தெரியாமல் தைத்துவிட்டால் மொத்தமும் ரிஜெக்ட்தான்!

டேட்டாபேஸ் கிளஸ்டரில் புது ரெப்ளிகா சேர்ப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரே தகவலைப் பல சர்வர்களில் பிரதி வைத்திருப்பது கிளஸ்டர். ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. புது நோடுக்கு முதலில் முழுப் பிரதி போகும். அது போய்ச்சேரும் வரை மற்ற வேலைகள் நின்றுவிடுமா என்ன? அந்த நேரத்து மாற்றங்களெல்லாம் லாக்கில் வரிசையாகப் பதிவாகியிருக்கும். அவற்றையும் வாங்கி, மற்ற நோடுகளை எட்டிப்பிடித்த பிறகுதான் ஓட்டுரிமை. 2014-ல் டியகோ ஓங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் வெளியிட்ட 'ராஃப்ட்' முறை இப்படித்தான் செய்கிறது.

ஓட்டு எதற்கு? பாதிக்கு மேற்பட்ட நோடுகள் 'சரி' என்றால்தான் ஒரு மாற்றம் நிலைக்கும். 3 நோடு இருந்தால் 2 ஓட்டு வேண்டும்; ஒரு நோடு படுத்தாலும் வண்டி ஓடும். 4 ஆக்கினால் 3 ஓட்டு வேண்டும். அப்போதும் ஒன்று படுப்பதைத்தான் தாங்கும். செலவு கூடியது, தாங்கும் சக்தி கூடவில்லை! இரண்டு படுத்தாலும் ஓட வேண்டுமென்றால் 5 தேவை.

சரி, பிரதி இருந்துவிட்டால் போதுமா? 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசிய பங்குச் சந்தையின் வர்த்தகம் காலை 11.40-க்கு நின்றுபோனது. இப்படிப்பட்ட அவசரத்துக்கென்றே சென்னையில் மாற்று மையம் இருந்தது. ஆனாலும் வர்த்தகம் அங்கே மாற்றப்படவில்லை. மாலை 3.45-க்குத்தான் மறுபடி தொடங்கியது. அதுவரை அங்கே பங்கை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

பேக்கிங் லிஸ்ட் முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு ஏற்றுமதி கம்பெனியை யோசித்துப் பாருங்கள். ஷிப்மென்ட் நாளில் சர்வர் படுத்தால் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய லாரி வாசலிலேயே நிற்கும். மாற்று சர்வர் வாங்கி வைப்பது பாதி வேலைதான். ஆர்டர் குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, புதியது தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி.