ஸ்டார் வீடு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வழக்கம்போல நான் ஒரு டப்பா நிறையப் பலகாரம் கொண்டு வந்தேன். நம் வகுப்பில் எல்லாரும் சாப்பிட்டீர்கள். "முந்திரிக்கொத்து சூப்பர், உங்க அம்மாகிட்ட சொல்லு" என்று சிலர் சொன்னீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். உண்மையில் அந்த டப்பாவில் இருந்த ஒன்றுகூட எங்கள் வீட்டில் சுட்டது இல்லை. ஏன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. தமிழ் ஐயா சுவர் இதழுக்கு எழுதச் சொன்னதால் இப்போது எழுதுகிறேன்.

போன செப்டம்பர் மாதம் எங்கள் தாத்தா இறந்துவிட்டார். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பலகாரம் சுடக்கூடாது, புதுத்துணி கிடையாது, வாசலில் நட்சத்திரம் கட்டக்கூடாது. டிசம்பர் பிறந்ததும் அம்மா இதைச் சொன்னார். நானும் "சரிம்மா" என்றேன். ஆனால் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். அன்று ராத்திரி நான் அழுதது தாத்தாவுக்காக மட்டும் இல்லை. புது சுடிதாருக்காகவும்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தாத்தா கடையில் நட்சத்திரம் வாங்கவே மாட்டார். திருவருகைக் காலம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். மொத்தம் பதினைந்து குச்சி. ஐந்து நீளக் குச்சியில் ஒரு நட்சத்திரம், இன்னும் ஐந்தில் இன்னொரு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் கட்டுவார். மீதி ஐந்து குட்டைக் குச்சி எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். மைதா பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவார். அப்போதுதான் பூச்சி அரிக்காது. அந்த நட்சத்திரம் எங்கள் தெருமுனையிலிருந்தே தெரியும். மும்பையில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வைத்திருக்கும் பெயரே "ஸ்டார் வீடு"தான். அவர்கள் வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தானே.

இந்த வருடமும் வந்தார்கள். டிசம்பர் 23 சாயங்காலம் ஆட்டோவில் சித்தப்பா, சித்தி, ஐந்து வயதுத் தம்பி, மூன்று வயதுப் பாப்பா. கோயம்புத்தூரிலிருந்து அத்தையும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் முதல் நாளே வந்திருந்தார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரிந்தது. எங்கள் வாசல் மட்டும் இருட்டு. பாப்பா ஆட்டோவைவிட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே அழுகை. "இது நம்ம வீடு இல்ல, ஸ்டார் வீட்டுக்குப் போகணும்" என்றாள். எல்லாரும் சிரிக்கப் பார்த்தோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தம்பி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகத் திண்ணைக்கு ஓடினான். அப்புறம் கொல்லைக்கு. அப்புறம் கிணற்றடிக்கு. திரும்பி வந்து, "அக்கா, தாத்தா எங்க ஒளிஞ்சிருக்காங்க?" என்று கேட்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. நல்லடக்கத்துக்குச் சித்தப்பா மட்டும் விமானத்தில் வந்து போயிருந்தார். பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஊருக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சித்தி நினைத்திருந்தார்.

இது தெரியாமல் நான் தப்பு செய்துவிட்டேன். அவன் விடாமல், "தாத்தாவை ஸ்டார் கட்டச் சொல்லு, தாத்தாவைக் கூப்பிடு" என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "தாத்தா செத்துப் போயாச்சு. இனி ஸ்டாரும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்று கத்திவிட்டேன்.

வீடே அமைதியாகிவிட்டது. தம்பி அழவில்லை. என்னையே பார்த்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சித்தி அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "ஏட்டி, சின்னப் பிள்ளைகிட்ட இப்படியா சொல்லுவ?" என்று அத்தை திட்டினார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இரவு சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் விடிகாலையில் ஆச்சிதான் என்னை எழுப்பினார். அவர் கையில் ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலம். இன்னொரு கையைத் தம்பி பிடித்திருந்தான். "நீயும் வா" என்றார். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். தாத்தாவின் குழியில் இன்னும் கல் கட்டவில்லை. மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான். ஆச்சி தரையில் உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். "தாத்தாவுக்கு ரொம்ப முடியாமப் போச்சு மக்களே. ஆஸ்பத்திரிலயும் பாத்தாவ. சரியாகல. அதான் இங்க படுக்க வச்சிருக்கோம். ஆத்துமா சாமிகிட்ட இருக்கு. நாம கூப்பிட்டா இனி வர மாட்டாவ" என்று மெதுவாகச் சொன்னார்.

அவ்வளவுதான். கதை எதுவும் கட்டவில்லை. தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று எதுவும் சொல்லவில்லை. தம்பி மெழுகுவர்த்தியை மண்ணில் நட்டான். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினோம். அப்போதுதான் அவன் அழுதான். நானும் அழுதேன். "தம்பி, நேத்து அக்கா கத்துனது தப்பு" என்றேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப ஸ்டாரை யாரு கட்டுவா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர்களுக்குள் பேச்சு நடந்தது. "ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க? அப்பா போய் நாலு மாசம்கூட ஆகலையே" என்றார் அத்தை. "பிள்ளைங்க முகத்தைப் பாருக்கா" என்றார் சித்தப்பா. அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் ஆச்சிதான் முடிவு சொன்னார். "வாசல்ல வேண்டாம். அவுகளுக்குச் செய்யுற மரியாதை அது. உள்ளே குடிலுக்கு மேல சின்னதா ஒண்ணு கட்டுங்க. பிள்ளைங்களுக்கு வீடு அடையாளம் தெரியட்டும்."

அப்பா அரிவாளால் மூங்கிலைப் பிளந்து கொடுத்தார். நான் கட்டினேன். அத்தை மகள் பசை காய்ச்சினாள். தம்பி நூல் பிடித்தான். பாப்பா பசையைத் தலையில் தேய்த்துக்கொண்டாள். கட்டி முடித்துத் தூக்கினால் நட்சத்திரம் அப்பளம் மாதிரித் தட்டையாகத் தொங்கியது! "தாத்தா ஸ்டார் குண்டா இருக்கும்" என்றான் தம்பி. அப்போதுதான் அந்த ஐந்து குட்டைக் குச்சிகள் ஞாபகம் வந்தன. இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவில், உள் மூலைகள் ஐந்திலும் அவற்றை முட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நடு வயிறு உப்பும், உள்ளே பல்பு வைக்க இடம் கிடைக்கும். எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் மறந்துவிட்டேனே என்று இருந்தது.

குடிலும் அன்றைக்கே வைத்தோம். 1223-ஆம் வருடம் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாடும் கழுதையும் நிறுத்திக் குடில் அமைத்தார் என்று தாத்தா வருடா வருடம் சொல்வார். இந்தத் தடவை நான் தம்பிக்குச் சொன்னேன். மற்ற வருடங்களில் பத்து நாளுக்கு முன்பே தட்டில் கேழ்வரகு தூவி முளைக்க வைத்துப் புல்வெளி செய்வோம். இந்த வருடம் வெறும் வைக்கோல்தான்.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் பழைய துணியிலேயே போனோம். நான் வெட்கப்படவில்லை. திரும்பி வந்ததும் குழந்தை இயேசு சொரூபத்தைக் குடிலில் வைக்க வேண்டும். வீட்டில் மூத்தவர் என்று எப்போதும் தாத்தாதான் வைப்பார். இப்போது யார் என்று எல்லாரும் ஆச்சியைப் பார்த்தோம். ஆச்சி சொரூபத்தைப் பாப்பா கையில் கொடுத்தார். பாப்பா பாதித் தூக்கத்தில் அதை வைக்கோலில் குப்புறப் படுக்க வைத்தாள். ஆச்சி சிரித்துவிட்டார். செப்டம்பருக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

காலையில் இன்னொன்று நடந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள்தான் தெருவில் தட்டு கொடுப்போம். இந்த வருடம் தட்டுகள் எங்களைத் தேடி வந்தன. அடுத்த வீட்டு அக்கா அதிரசமும் முறுக்கும் கொண்டு வந்தார். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. எங்களுக்காகவே சுட்டது. எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாயசம். கோவில் தெருவிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும். மாமா தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வந்தார். துக்க வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் அத்தை எண்ணிப் பார்த்தார். ஒன்பது வீட்டுப் பாத்திரம். உங்களுக்கு நான் கொண்டு வந்த டப்பா அந்த ஒன்பது வீட்டுப் பலகாரம்தான். ஆகவே உங்கள் பாராட்டை அந்த வீடுகளில் சொல்லிவிட்டேன்.

தோழர்களே, தோழிகளே! சின்னப் பிள்ளைகளிடம் உண்மையை மறைப்பதும் தப்பு, அதைக் கல் மாதிரி எறிவதும் தப்பு என்று இந்த விடுமுறையில் தெரிந்துகொண்டேன். மடியில் வைத்துச் சொல்ல வேண்டும். ஆச்சி சொன்ன மாதிரி.

எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். குடிலில் மூன்று ராஜாக்களை முதலில் தூரமாக, அலமாரி ஓரத்தில் வைத்து, தினமும் ஒரு சாண் குடிலை நோக்கி நகர்த்துவது தம்பியின் வேலை. அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் ராத்திரி போன் செய்து, "ராஜா எங்க வந்துட்டாங்க?" என்று கேட்கிறான். "ரேடியோப் பெட்டி பக்கத்துல வந்தாச்சு" என்று நேற்றுச் சொன்னேன். ஜனவரி 6 வந்தால் அவர்களும் நட்சத்திரத்துக்குக் கீழே சேர்ந்துவிடுவார்கள். அடுத்த வருடம் வாசலில் கட்டப்போகும் நட்சத்திரத்துக்கு மூங்கில் வெட்டும்போது, பதினைந்து குச்சிகளையும் நானே எண்ணி எடுப்பேன்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி