கோல் கம்பங்களுக்கு நடுவே

தன்னம்பிக்கை என்பது ஆட்டம் முடிந்தபிறகு எழுதப்படுகிற சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. பந்தைத் தடுத்தவனிடம் அது இருந்ததாகவும், விட்டவனிடம் இல்லாமற்போனதாகவும் மறுநாள் நாம் தீர்மானித்துக்கொள்கிறோம்.

ஹாக்கியில் சங்கர் லட்சுமணனை எடுத்துக்கொள்வோம். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ. மூன்று ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களிலும் இந்திய கோலில் அவர். மூன்றிலும் எதிரே பாகிஸ்தான். மூன்றிலும் முடிவு ஒற்றை கோல். முதலும் கடைசியும் 1-0 என்று நமக்கு. நடுவில் 0-1. அந்த ஒரு கோலை வைத்து 1960-இல் அவர் மனசு தளர்ந்திருந்தது என்று சொல்லிவிட முடியுமா?

1982 டெல்லி ஆசியப் போட்டியில் சொன்னார்கள். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் 7-1. பந்து ஒவ்வொரு தடவையும் மற்றவர்களைத் தாண்டித்தான் மீர் ரஞ்சன் நேகியிடம் வந்தது. ஆனாலும் விலைபோனவர் என்ற பழி அவர் ஒருவர்மேல் விழுந்தது, எதுவும் நிரூபணமாகவில்லை. 1998-இல் பாங்காக்கில் தங்கம் வென்ற அணியின் கோல்கீப்பர்களைப் பழக்கியவர் அதே நேகி.

நானும் வேலூரில் சில வருஷங்கள் கோல் நின்றவன். ஒழுங்காக ஆடிய நாட்களில் நம்பிக்கை என்று எதையும் உணர்ந்ததாக நினைவில்லை. பந்து தெரியும், அதற்குள் கால் போயிருக்கும். ‘நான்’ என்கிற பிரக்ஞை வந்து சேர்வது கோல் விழுந்த பிறகுதான். அடுத்த பந்துக்குள் அது கலைந்தாக வேண்டும். கலையாவிட்டால் கால் ஒரு கணம் பிந்தும். கோல்கீப்பரின் திறமை என்பதில் பாதி, இந்தக் கலைதல்.

இது மைதானத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல. ஆம்பூரில், பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிற ஒருவர் பக்கத்தில் ஒரு பகல் உட்கார்ந்திருக்கிறேன். விரிப்பார், உள்ளங்கையால் ஒரு தடவல். முள் கீறிய வடு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் அகப்பட்டுவிடும். தோல் அதனதன் அடுக்குக்குப் போய்விடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“அதக் கேக்காதீங்க சார், யோசிச்சா கை நின்னுபூடும்” என்றார்.

அவர் கை நின்றால் ஒரு தோல் அடுக்கு மாறும். கோல்கீப்பர் நின்றால் ஊரே பார்க்கிறது.

1948, 1952, 1956 மூன்று தங்க அணிகளிலும் இருந்த கோல்கீப்பர் ரங்கநாதன் பிரான்சிஸ், சென்னைக்காக ஆடியவர். எங்கள் மைதானத்தில் அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நேகியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.