கூப்பிட்ட குரலுக்கு

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ மாடியிலோ தையல்சிட்டு உண்டா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் அளவுப் பட்சி. இலைக்குள்ளே ஒளிந்துகொண்டு ஓயாமல் கத்துமே தவிர, கண்ணுக்கு அகப்படாது.

சென்ற மாதம் காட்டுப் பறவைகளைக் கணக்கெடுப்பது பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்காமல் பதுங்கியிருக்கும் பறவையைக் கண்டுபிடிக்க, அதன் இனத்தின் குரலையே பதிவு செய்து ஒலிக்க விடுவார்களாம். உடனே அது பதில் கொடுக்குமாம். பரீட்சித்துப் பார்க்காமல் எழுதலாமா? மாடியில் செம்பருத்தித் தொட்டியின் பக்கத்தில் நின்று, செல்போனில் தையல்சிட்டின் குரலை ஒலிக்க விட்டேன்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை, வாலை நிமிர்த்திக்கொண்டு துணிக் கொடியில் வந்து உட்கார்ந்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன், எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு தடவையாகப் போட்டுக் காட்டியதில் கால் மணி நேரம் கச்சேரி நடந்தது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மாமியார் மட்டும் ரசிக்கவில்லை.

"அது பாட வரலைம்மா, சண்டைக்கு வந்திருக்கு. வாயிலே புழு இருக்கு, பாரு. குஞ்சு எங்கேயோ காத்துக்கிட்டு இருக்கும்."

பார்த்தேன். பச்சைப் புழு ஒன்று அலகில் நெளிந்துகொண்டிருந்தது. சட்டென்று செல்போனை அணைத்தேன்.

அத்தை சொன்னதுதான் சங்கதி. தன் எல்லைக்குள் அந்நியன் ஒருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, அவனை விரட்டத்தான் பறவை வருகிறது. ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் ஒலிக்க விட்டு, நிறுத்திக் காது கொடுப்பார்கள். பதில் வந்துவிட்டால் மறுபடி போடமாட்டார்கள். கூட்டுக்கு அருகில் போடவே கூடாது. நான் இதையெல்லாம் படிக்காமல் இல்லை. கைதட்டல் ருசியில் மறந்துபோனேன்.

ஆனால் இந்த ஏமாற்று வித்தை சில சமயம் பறவைக்கே உதவியாகிவிடுவதும் உண்டு. டாக்டர் ஜெர்டான் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த ஒரு பறவை 1848-இல் விவரிக்கப்பட்டது. தெலுங்கில் அதைக் 'கலிவி கோடி' என்கிறார்கள். 1900-க்குப் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. பூண்டோடு அழிந்ததாகவே எண்ணிவிட்டார்கள். 1986-இல் கடப்பை ஜில்லாவில் லங்கமலைப் பக்கம் அது மறுபடி அகப்பட்டது. பகலில் முள் புதரில் பதுங்கியிருந்து இரவில் நடமாடும் பட்சியை எப்படித் தேடுவது? காலடித் தடம் பதிய ஆங்காங்கே மெல்லிய மண்ணைப் பரப்பிப் பார்த்தார்கள். பிறகு அதன் குரலும் பதிவானது. 2000-க்குப் பிந்திய வருஷங்களில், பொழுது சாய்ந்ததும் அந்தக் 'க்விக்-கூ'வை ஒலிக்க விட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பறவை எந்தப் புதர்க்காட்டில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தால்தானே, இங்கே வாய்க்கால் வெட்டாதே, காட்டை அழிக்காதே என்று தடுக்க முடியும்!

பதில் வராவிட்டால்? அங்கேதான் கஷ்டம். பறவை இல்லாமலும் இருக்கலாம். இருந்தும் பேசாமல் இருக்கலாம். ஒரே இடத்துக்குப் பல இரவுகள் போனால்தான் ஓரளவு நிச்சயம். அதற்குப் பின் பத்து வருஷத்துக்கும் மேலாகக் கலிவி கோடி மௌனமாகவே இருந்தது. 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஆந்திரக் காட்டில் அதன் குரல் மறுபடி பதிவாயிற்று.

இரண்டு நாள் எங்கள் மாடியில் சத்தமே இல்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் நின்று நின்று கேட்டார். மூன்றாம் நாள் காலை, எதிர்வீட்டு முருங்கையிலிருந்து அந்தக் கத்தல் கேட்டது. மகள் ஓடிப்போய் என் செல்போனை எடுத்து வந்தாள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.