ஜப்பானியர் மலர்க்கலை

மலரை விரும்பாத மக்கள் உலகில் யாண்டும் இலர். எனினும், மலரைக் கையாளும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். நிறையப் பறித்து நெருங்க அடுக்கி மகிழ்வோர் பலர். ஒரு கிளையும் இரண்டு பூவும் கொண்டு ஒரு பருவத்தையே கண்முன் காட்டுவோர் ஜப்பானியர். அக்கலையை அவர்கள் 'இக்கெபானா' என்பர். மலரை உயிருடன் இருக்கச் செய்தல் என்பது அச்சொல்லின் கருத்தாகும். செடியினின்று அறுத்த மலர் அப்பொழுதே வாடத் தொடங்குகின்றது. அதனை உயிருடன் இருக்கச் செய்தல் எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேடிய முயற்சியே இக்கலையாக வளர்ந்தது.

இக்கலை கோயிலில் பிறந்தது. கியோட்டோ நகரில் ரொக்காக்குடோ என்னும் புத்தர் கோயில் உள்ளது. அங்கு மலர்ப்படையல் செய்துவந்த துறவியர், குளக்கரையில் அமைந்த குடிலில் வாழ்ந்தனர். குளக்கரைக் குடில் எனப் பொருள்படும் 'இக்கெனோபோ' என்பதே அவர்தம் மரபின் பெயராயிற்று. 1462-ஆம் ஆண்டில் அம்மரபினராகிய செங்கெய் என்பார் மலர் அமைத்த திறத்தைக் கண்டு நகர மக்கள் வியந்தனர் என்று அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று கூறுகின்றது. அவருக்குப் பின்வந்த செந்நோ என்பார், 1542-ஆம் ஆண்டளவில் கலையின் நெறிகளை எழுதிவைத்தார். அழகிய பூவேயன்றிப் பட்டுப்போன கிளையும் இக்கலைக்கு உரியது என்பது அவர் கொள்கை.

மலர் அமைப்பில் மூன்று கிளைகள் முதன்மையானவை. அவை வானம், மனிதன், நிலம் ஆகிய மூன்றையும் குறிக்கும். தொடக்க நிலை மாணவர்க்கு ஓர் அளவு கற்பிப்பர். கலத்தின் அகலமும் உயரமும் கூட்டி, அதனை ஒன்றரை மடங்காக்கினால் வருவது முதற்கிளையின் நீளம். அதில் முக்கால் பங்கு இரண்டாவது. அதனினும் குறுகியது மூன்றாவது. கிளைகளை நிறுத்துவதற்கு ஊசிகள் நெருங்கப் பதித்த கனத்த உலோகத் தட்டு உதவும். அதன் பெயர் கென்சான். தண்டின் அடியை நீருக்குள் அமிழ்த்தியே அறுப்பர். வெளியில் அறுத்தால் தண்டின் நுண்குழாய்களில் காற்றுப் புகுந்து நீர் ஏறுவதைத் தடுக்கும். மலரும் விரைவில் வாடும். வேண்டாத இலைகளைக் களைந்துவிடுவர். கிளைகளுக்கு இடையே உள்ள வெற்றிடமும் அழகின் ஒரு கூறே என்பது அவர்கள் துணிபு.

பருவத்தோடு பொருந்துதல் இக்கலையின் தலையாய நெறி. புத்தாண்டிற்குப் பைனும் மூங்கிலும் பிளம் மரக்கிளையும் அமைப்பர். மார்ச் 3-ஆம் நாள் சிறுமியர் திருநாளுக்குப் பீச் மலர்; மே 5-ஆம் நாள் சிறார் திருநாளுக்கு ஐரிஸ்; இலையுதிர்காலத்து முழுநிலவைக் கண்டு மகிழும் இரவிற்கு வெண்கதிர் விட்ட சூசூகிப் புல். ஓர் அமைப்பிற்குள்ளும் காலம் உண்டு. முற்ற மலர்ந்த பூவும் காய்ந்த நெற்றும் சென்ற காலத்தைக் காட்டும். பாதி விரிந்த போது நிகழ்காலத்தைக் காட்டும். அரும்பு வருங்காலத்தைக் காட்டும். ஆதலின், முழு மலரினும் அரும்பையே அவர்கள் பெரிதும் விரும்புவர்.

தேநீர்க்கலையில் சிறந்த சென் நோ ரிக்கியூ (1522–1591) பற்றிய செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. அவர் தோட்டத்தில் வைகறையில் மலர்ந்து வெயில் ஏறுமுன் வாடும் கொடிப்பூக்கள் நிறைந்திருந்தன. அவற்றைக் காண விரும்பி, நாட்டின் பெருந்தலைவராகிய ஹிதெயோஷி விடியற்காலையில் வந்தார். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை! அனைத்தையும் ரிக்கியூ அறுத்துவிட்டார். சினத்தோடு தேநீர்க் குடிலுள் நுழைந்த தலைவர், சுவர் மாடத்தில் ஒரே ஒரு பூவைக் கண்டார். நூறு பூக்களுள் ஒன்றாய் நின்றிருந்தால் அதனை அவர் உற்று நோக்கியிரார். இதுபற்றியே இக்கதையைப் பலரும் இன்றும் எடுத்துரைப்பர்.

இக்கலை பகையையும் கடந்தது. 1945-இல் ஜப்பான் போரில் தோற்றது. நகரங்கள் பல எரிந்து சாம்பலாயின. வென்ற அமெரிக்கப் படையினர் அந்நாட்டில் தங்கினர். 1927-இல் சோகெட்சு என்னும் புதிய மலர்ப்பள்ளியைத் தோற்றுவித்த சோஃபு தெஷிகஹாரா, அப்படைத் தலைவர்களின் மனைவியர்க்கு மலர் அமைக்கக் கற்பித்தார். நேற்றுவரை பகைவராய் இருந்தோர் இன்று ஒரு கலத்தின் முன் ஆசிரியரும் மாணவருமாய் அமர்ந்தனர். அமெரிக்கப் படைத்தலைவர் ஒருவரின் மனைவியாகிய எலன் கார்டன் ஆலன் அம்மையார், 1956-இல் டோக்கியோவில் 'இக்கெபானா இன்டர்நேஷனல்' என்னும் கழகத்தை நிறுவினார். மலர்வழி நட்பு என்பதே அதன் கொள்கை.

அறுத்த மலர் சில நாளே வாழும். அதனை என்றும் வாடாது காக்க எக்கலையாலும் இயலாது. ஆயினும், இருக்கும் சில நாளில் அது நிற்கும் இடமும் நீரும் ஒளியும் செம்மையாக அமைந்தால், காண்போர் அதனைக் கண்டுகொள்வர். ஒரு பூவைப் பொறுமையோடு நோக்கக் கற்றவர், அருகிருக்கும் மனிதரையும் அங்ஙனம் நோக்கக் கற்பர்.