லினக்ஸுக்கு ஏற்ற லேப்டாப்

லினக்ஸுக்கு நான் கொள்கைக்காக வந்தவன் இல்லை, கஞ்சத்தனத்தால் வந்தவன். கீழப்பாவூரில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடும் சின்னக் கடை என்னுடையது. பல வருஷம் திருட்டு விண்டோஸில்தான் பிழைப்பு நடந்தது. வைரஸ் புகுந்து வாடிக்கையாளர்களின் ஃபைல்களைத் தின்ற பிறகும் காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை. லினக்ஸ் போட்டேன். கட்டற்ற மென்பொருள் கொள்கை, அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

ஆனால் எனக்கு முன்பே எங்கள் ஊர் வீடுகளுக்கு லினக்ஸ் வந்துவிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. பிள்ளைகள் நேரே என் கடைக்கு வருவார்கள். “அண்ணாச்சி, ஆன் பண்ணுனா எது வேணும்னு கேக்கு. ஒண்ண எடுத்து விட்டுருங்க.” லினக்ஸை எடுத்துவிடுவேன், கூலி வாங்கிக்கொண்டு. அதே லேப்டாப்புகள் விண்டோஸின் சுமை தாங்காமல் மூச்சுவாங்க ஆரம்பித்ததும் திரும்பி வந்தன. இந்த முறை லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் கூலி உண்டு!

இப்படிப் பல லேப்டாப்புகளைத் திறந்து மூடியதில் ஒன்று விளங்கியது. லினக்ஸுக்கு லேப்டாப் வாங்கும்போது புதுசு என்பது சிறப்பு இல்லை, சில சமயம் குறைதான். பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு இன்ஜினியரிங் மாணவர் அப்போதுதான் சந்தைக்கு வந்திறங்கிய மாடலை வாங்கி வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். டெபியன் போட்டால் வைஃபை இல்லை, டச்பேடும் அசையவில்லை. லேப்டாப் பழுதில்லை. ஒவ்வொரு சிப்புக்கும் அதை இயக்கும் டிரைவர் வேண்டும். விண்டோஸுக்கு அதைத் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். லினக்ஸில் அந்த டிரைவர் அதன் மையமான கெர்னலுக்குள் வந்து சேர வேண்டும். டெபியனின் நிலையான பதிப்போ ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. நேற்றுப் பிறந்த சிப்பை அதற்கு எப்படித் தெரியும்? பின்னால் புதிய கெர்னல் ஏற்றியதும் அந்த லேப்டாப் ஒழுங்காக ஓடியது. அதுவரை அந்த மாணவர் மொபைலை யுஎஸ்பி கேபிளில் சொருகித்தான் நெட் பார்த்தார்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு இரண்டு, மூன்று வருஷம் பழைய மாடலைத்தான் சொல்வேன். பட்ஜெட் குறைவென்றால் ஆபீஸ்களில் ஓடிக் கழிந்து வரும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள். பெரிய கம்பெனிகளில் லினக்ஸில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இவற்றைத்தான் வைத்திருக்கிறார்கள். பிழை இருந்தால் நமக்கு முன்னால் யாரோ மோதிப் பார்த்துத் தீர்த்திருப்பார்கள். லெனோவோ 2020இல் தன் திங்க்பேட் வொர்க்ஸ்டேஷன் வரிசையை உபுண்டு, ரெட்ஹேட் என்ற லினக்ஸ் வகைகளுக்குச் சான்றளிப்பதாக அறிவித்தது. என் கடை மேஜையில் இருப்பதும் ஒரு பழைய திங்க்பேட்தான். கீபோர்டில் தண்ணீர் வடிய வழி வைத்திருக்கிறார்கள். டீ கிளாஸ் இல்லாத கடை இந்தப் பக்கம் ஏது?

பிராசசர் நம்பரைப் பார்த்து மயங்குகிறவர்கள் வைஃபை சிப்பைக் கேட்பதே இல்லை. இன்டெல் வைஃபை என்றால் பெரும்பாலும் கவலை இல்லை, டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ தேவைப்படாவிட்டால் தனி என்விடியா கார்டு வேண்டாம். ரேமைப் போர்டோடு பற்றவைத்திருந்தால் பின்னால் கூட்ட முடியாது. பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதை இங்கே முதலில் பார்க்க வேண்டும். சாரல் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று ஐயனார் சாமிக்கும் தெரியாது.

செகண்ட் ஹேண்டில் ஒரு கண்ணி உண்டு. ஆபீஸ் லேப்டாப்பில் பழைய கம்பெனி போட்ட பயாஸ் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும். சில மாடல்களில் அதை எடுப்பது லேசில் ஆகிற காரியம் இல்லை. விலை எவ்வளவு குறைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. நல்ல உடம்புள்ள லேப்டாப்புகள் பல இந்தக் காரணத்துக்காகவே கழிக்கப்படுகின்றன. நமக்கு இதுதான் வாங்கும் காலம். சென்னை ரிச்சி தெருவோ திருநெல்வேலியோ, போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்தே பூட் செய்து வைஃபை, சத்தம், கேமரா பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள். சொருக விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.