விலை கூடின ஆயிலும் வழுக்கின கிளட்ச்சும்

காரவள்ளியில் தொடங்கி கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது போட்டோ எடுக்கும் இடம். மலை மேல் இருக்கும் சிறு விவசாயிக்கு வாரம் மூன்று முறை ஏறி இறங்கியாக வேண்டிய பாதை. இறங்கும்போது வண்டியின் பின்னால் வாழைத்தாரோ மிளகு மூட்டையோ இருக்கும். ஏறும்போது 50 கிலோ மாட்டுத்தீவனம், மளிகைச் சாமான், சில நாள் மனைவியும் கூட. இத்தனையையும் இழுப்பது ஒரு 100 சிசி மோட்டார் சைக்கிள். அந்த வண்டிக்கு அது அதிகப்படியான பாரம்தான். ஆனால் மூட்டையை பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டால் வேறு வழி?

மலையில் இரண்டு ஏக்கரில் சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் ஒரு விவசாயியின் வண்டி, போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆவதில் குறை இல்லை. சமதளத்தில் நன்றாகத்தான் ஓடியது. பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும், ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வளைவின் நடுவிலேயே வண்டி நின்றுபோய்ப் பின்னோக்கி நகர, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி குதித்து இறங்கி, கிடைத்த கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். மேலேயிருந்து லாரி எதுவும் வராதது அவர்கள் நல்ல நேரம். மூட்டையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, தெரிந்த வேன் வரும்வரை இருட்டில் இருவரும் காத்திருந்தார்கள்.

பெட்ரோலில் கலப்படம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு, வண்டிக்கு எட்டு வயசாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று முடிவு கட்டினார். சேந்தமங்கலத்தில் வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் பையன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கிளட்ச் லீவரைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தான்.

“அண்ணா, கேபிள் ஃப்ரீ பிளே சரியாத்தான் இருக்குதுங்க. கிளட்ச் வழுக்குது. ஆயில் எப்ப மாத்துனீங்க?”

“மூணு வாரம் ஆச்சு தம்பி. இந்த தடவ நல்ல ஆயிலே ஊத்தினேன். மச்சான் குடுத்தது. காருக்கு ஊத்துற ஆயில்.”

மச்சான் நாமக்கல்லில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். காருக்கு சர்வீஸ் செய்தபோது மிச்சமான ஒரு லிட்டர் சிந்தெடிக் ஆயிலை, “விலை கூடின சரக்கு மாப்ளே, வண்டி பூப்போல போகும்” என்று பாசத்தோடு கொடுத்திருந்தார். மச்சான் சொன்னதில் பாதி சரி. ஆயில் நல்ல ஆயில்தான், காருக்கு.

கார் ஆயில் பைக்குக்கு ஏன் ஆகாது என்பது வண்டியின் வயிற்றுக்குள் இருக்கிற சங்கதி. காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். கியர் மாற்றி ஓட்டும் பெரும்பாலான கார்களில் கிளட்ச் ஆயில் படாமல் உலர்ந்தே இருக்கும். நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் அப்படி இல்லை. பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. பிஸ்டனும் கியரும் தேயாமல் இருக்க அந்த ஆயில் வழுக்க வேண்டும். ஆனால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்தால்தான் இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போய்ச் சேரும். சேற்று வயலில் நடக்கிறவன் கால்விரலை ஊன்றிப் பிடிப்பதுபோல, பிளேட்டுகள் ஆயிலுக்குள் இருந்துகொண்டே பிடிக்க வேண்டும்.

மைலேஜ் கூட வேண்டும் என்பதற்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். காருக்கு அது லாபம். பைக்கின் கிளட்ச்சுக்கு அதுவே வினை. வெறும் வண்டி சமதளத்தில் போகும்போது தெரியாது. பாரமும் மேடும் சேரும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

இதை மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆயில் டப்பாவின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. ஜே.ஏ.எஸ்.ஓ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தேட வேண்டும். மெக்கானிக்குகள் அதை ‘ஜாஸோ’ என்பார்கள். ஜப்பான்காரர்கள் 1998-ல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கென்றே கொண்டுவந்த தர முத்திரை அது. அதன் பக்கத்தில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால், ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள கியர் பைக்குக்கு ஏற்றது. எம்பி என்று இருந்தால் உராய்வு குறைந்த ஆயில். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனையாது என்பதால் அவற்றுக்கு அது பொருந்தும். வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு பைக்கும் நிற்கிறது என்றால் ஒரே டப்பாவை இரண்டுக்கும் பங்கு போடக் கூடாது.

அடுத்தது 10டபிள்யூ30, 20டபிள்யூ40, 20டபிள்யூ50 என்று எழுதியிருக்கும் எண். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய ஓட்டம் சுலபம். டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு ஆயிலுக்கு இருக்கும் கெட்டித்தன்மை. ‘பழைய வண்டி, சத்தம் போடுது, கெட்டி ஆயிலா ஊத்து’ என்று ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. 10டபிள்யூ30 கேட்கிற வண்டிக்கு 20டபிள்யூ50 ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அடங்கலாம், உள்ளே இருக்கும் தேய்மானம் போகாது. இழுவையும் மைலேஜும் குறையும். மார்கழிக் காலையில் மலைக்குளிரில் ஸ்டார்ட் செய்தால் கெட்டி ஆயில் மேலே ஏறிச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அங்கேதான் நடக்கிறது. அதே 20டபிள்யூ50-ஐக் கேட்டு வாங்குகிற வண்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு அதுதான் சரி. எது என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். அது பீரோவில் ஆர்.சி. புத்தகத்துக்கு அடியில் எங்காவது கிடக்கும், எடுத்துப் பார்த்துவிடலாம்.

எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் என்று இன்னொரு குறியும் இருக்கும். இரண்டாவது எழுத்து பின்னால் போகப் போகப் புதிய தரம். புத்தகத்தில் எஸ்ஜே என்றிருந்து கடையில் எஸ்என் கிடைத்தால் வாங்கலாம், கூடவே ஜாஸோ எம்ஏ இருக்க வேண்டும். சிந்தெடிக்கா, சாதாரண மினரல் ஆயிலா என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி. 100 சிசி வண்டிக்கு கம்பெனி சொன்ன மினரல் ஆயிலே போதும். சிந்தெடிக்குக்குச் செலவழிக்கிற காசில் நேரத்துக்கு ஒரு தடவை கூடுதலாக ஆயில் மாற்றினால் வண்டிக்கு நல்லது.

டிராக்டர் ஆயிலையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜினின் கரியைச் சமாளிக்கச் செய்த ஆயில் அது; ஜாஸோ முத்திரை இல்லையென்றால் டிராக்டரோடு நிற்கட்டும். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லுக்கு பெட்ரோலில் கலக்கும் ஆயில் வேறு. இப்போது வருகிற எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. பழக்க தோஷத்தில் அதன் பெட்ரோல் டேங்கில் ஆயில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எப்போது மாற்றுவது? நிறையப் பேருக்கு ஆயுத பூஜைதான் கணக்கு. காலையும் மாலையும் 28 கிலோமீட்டர் பால் கேன் சுமக்கிற வண்டி மாதத்துக்கு 1,680 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என்றால் 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஆயில். எந்த ஆயிலும் தாங்காது. நாள்காட்டியைவிட கிலோமீட்டர் முள்ளைப் பார்ப்பது நல்லது. மண்சாலை, தூசி, பாரம் என்று ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டும். ஆயில் கறுத்துவிட்டது என்று மட்டும் பயப்பட வேண்டாம், கரியைத் தன்னோடு வைத்துக்கொள்வது அதன் வேலை. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. உடனே பார்க்க வேண்டும்.

அளவு பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்க வேண்டும். சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் குச்சியைத் துடைத்து விட்டுப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் குச்சியை மரையில் திருகாமல் சும்மா செருகித்தான் பார்க்கச் சொல்கிறார்கள்; திருகிப் பார்த்தால் ஆயில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒரு லிட்டர் டப்பா வாங்கினோம் என்பதற்காக ஒரு லிட்டரையும் ஊற்ற வேண்டியதில்லை. அளவு கூடினாலும் கெடுதல்தான்.

கொல்லிமலை வண்டிக்கு அன்றே ஆயிலை வடித்து, புத்தகத்தில் இருந்தபடி 10டபிள்யூ30, ஜாஸோ எம்ஏ ஊற்றினான் பையன். “ஓட்டிப் பாருங்கண்ணா, பிளேட்டு பொழச்சிருந்தா இதுலயே சரியாயிரும்” என்றான். வழுக்கல் குறைந்தது, நிற்கவில்லை. மூன்று வாரம் வழுக்கியே ஓடியதில் பிளேட்டுகள் கருகிப் பளபளத்திருந்தன. மாற்றியாக வேண்டியதாயிற்று. ஆயிலில் மிச்சமானது 400 ரூபாய்; பிளேட்டும் கூலியும் சேர்ந்து 1,300 ரூபாய். இரண்டு சந்தை நாள் போனது தனி. மச்சானிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அடுத்த தடவை டப்பாவை நீட்டியபோது, “காருக்கே வெச்சுக்கங்க மச்சான்” என்றதோடு சரி.

வடித்த பழைய ஆயிலைச் சிலர் மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிறார்கள், சிலர் வரப்போரம் கொட்டுகிறார்கள். இரண்டும் கூடாது. அதில் இன்ஜின் தேய்ந்த உலோகத்தூளும் எரிந்த கழிவும் இருக்கின்றன. மாடு நக்கினால் வயிற்றுக்குள் போகும், மண்ணில் கொட்டினால் கிணற்றுக்குப் போகும். 2016-ஆம் ஆண்டின் விதிகளில் அரசு இதை அபாயகரமான கழிவுப் பட்டியலில் வைத்திருக்கிறது. சேர்த்து வைத்து, மறுசுழற்சிக்கு எடுக்கிறவர்களிடம் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம். புது டப்பாவின் சீலை நம் கண் முன்னால் உடைக்கச் சொல்ல வேண்டும். காலி டப்பாவின் அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டால், அதில் வேறு எதையாவது நிரப்பி இன்னொருவர் தலையில் யாரும் கட்ட முடியாது.